பன்னிரண்டு மீட்டர் நேர்ச்சை

"என்னங்க, இம்புட்டுப் பெரிய துணியை யாரு அனுப்பிவிட்டா?"

மொட்டை மாடியிலிருந்து மனைவியின் குரல் வந்தபோது அருள்நாதன் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து வண்டியை நிறுத்தியிருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

மாடி முழுக்க அவருடைய கைட் விரிந்து கிடந்தது. வானத்து நீலமும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு சதுர மீட்டர். அதன் ஓரத்தில் சகாயசெல்வி கூழ்வத்தல் ஊற்றிக் காயவைத்திருந்தாள்.

"வத்தல் போடத்தானே வாங்குனீங்க? நல்ல துணிங்க. ஒட்டவே மாட்டேங்குது."

அருள்நாதனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அவரிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்ப்பதைவிட அவர் காதைப் பார்ப்பதுதான் அதிகம். இப்போது இரண்டு காதும் பழுத்த மிளகாயாகிவிட்டன.

பார்சலைப் பள்ளி முகவரிக்குத்தான் அனுப்பச் சொல்லியிருந்தார். பள்ளியில் வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்ததால், 'நம்ம சார்தானே' என்று கூரியர்க்காரன் அக்கறையோடு மேட்டுப்பட்டி வரைக்கும் வந்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு மனிதன் ஒரே ஒரு காரியத்தை ஒளித்துச் செய்ய முடியாதபடி இந்த ஊரில் எல்லோரும் அக்கறையாக இருந்து தொலைக்கிறார்கள்.

ஒளிக்க வேண்டிய காரியம் இதுதான். பெரிய காற்றாடி ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலடியில் பலகையோடு, காற்று இழுக்கும் வேகத்தில் கடல்மேல் வழுக்கிக்கொண்டு போகும் விளையாட்டு ஒன்று உண்டு. கைட் சர்ஃபிங். இரண்டு கோடையாக, விடைத்தாள் திருத்தும் முகாம் பத்து நாள் என்றால் வீட்டில் பதினைந்து நாள் என்று சொல்லிவிட்டு, ராமநாதபுரம் கடற்கரையில் அருள்நாதன் அதைக் கற்றுக்கொண்டார். நாற்பத்தேழு வயதில், தொப்பையோடு, நூறு தடவை கடல் தண்ணீரைக் குடித்து, கற்றும்விட்டார்.

இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் போன ஊர்கள் எல்லாம் மற்றவர்கள் முடிவு செய்தவை. வேளாங்கண்ணிக்குப் பதினெட்டு முறை. மச்சினன் பிள்ளைகளின் புதுநன்மை விழாவுக்கு நான்கு முறை. தனக்குப் பிடித்தது என்று ஓர் இடத்துக்கு ஒரு முறைகூடப் போனதில்லை. அதை நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் இந்தத் தீவு. மேப்பில் ஈ உட்கார்ந்துவிட்டுப் போனது போல ஒரு புள்ளி. இடுப்பளவு தெளிந்த தண்ணீர், நாள் முழுக்க ஒரே சீராகக் காற்று. கொச்சியில் நிஹால் என்றொருவன் காலாண்டு விடுமுறையில் ஆறு பேரை ஆறு நாளுக்கு அழைத்துப்போகிறான். ஐந்து பேர் உறுதி. ஆறாவது ஆள்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

"சாரே, படகு ஆறு பேர் இருந்தாத்தான் எடுக்கும். அஞ்சுக்கு எடுக்காது" என்று நிஹால் முதலிலேயே சொல்லிவிட்டான். "ஆறாவது ஆள் மேலிடத்துல அனுமதி கேட்டிருக்கு. வரட்டும், பார்க்கலாம்."

மேலிடம் என்றால் ராணுவக்காரனாக இருப்பான் என்று அருள்நாதன் நினைத்துக்கொண்டார். அவனையும் திட்டினார்.

கடலுக்குப் போகிறேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வதென்று மூன்று வாரமாகத் தெரியவில்லை. இப்போது கைட்டின் மேல் வத்தல் காய்கிறது.

"என்னன்னு கேட்டா வாயைத் தொறக்குறீகளா?" என்றாள் சகாயசெல்வி.

நீலம், வெள்ளை. மாதாவின் நிறம். அது கண்ணில் பட்டதும் அவர் வாய் தானாகத் திறந்தது.

"கொடி" என்றார்.

"என்ன கொடி?"

"திருவிழாக் கொடி. ஒரு தீவுல மாதா கோயில் இருக்கு. அங்க ஏத்துறதுக்கு நேர்ந்திருக்கேன். காலாண்டு லீவுல போகணும்."

"நீங்களா? நேர்ந்தீங்களா? எதுக்கு?"

அருள்நாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். மாடிப்படி ஏறிய களைப்பில் அவள் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"உன் முட்டிவலிக்குத்தான்."

சகாயசெல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வத்தலை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். "எனக்காகவா?" என்று மட்டும் கேட்டாள். அருள்நாதனுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆனாலும் ஒரே மூச்சில் பார்சல், தீவு, ஆறு நாள் என மூன்றும் தீர்ந்துவிட்டதே என்று உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது.

அந்த நிம்மதி மறுநாள் காலை காப்பி ஆறும்வரை நீடித்தது.

"சார், கொடின்னா மாதா படம் இருக்கணுமே. மொட்டையா இருக்கு!" என்றபடி உள்ளே வந்தாள் பக்கத்து வீட்டுக் கிளாரா. அவள் அந்தத் தெருவின் ஜெபக்குழுவான அன்பியத்துக்குத் தலைவி. வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடத்துவதும், யார் வீட்டில் என்ன நடக்கிறதென்று தெரிந்து வைத்திருப்பதும் அவள் பொறுப்பு. முதல் வேலையைவிட இரண்டாவதைச் சிறப்பாகச் செய்தாள்.

"படமெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கிருவாங்க" என்றார் அருள்நாதன்.

"நல்லாருக்கே! நேர்ச்சைக் கொடியை அரைகுறையாவா குடுப்பாங்க? கான்வென்ட்டுல சிஸ்டர் ரூபி இருக்காங்க. ஒரே நாள்ல ஜரிகை வச்சுத் தச்சுருவாங்க."

தைப்பதா! கைட்டின் முன் ஓரத்தில் காற்றடைக்கும் பை இருக்கிறது. ஊசி முனை பட்டால் போதும், ஆறு நாளும் கரையில் உட்கார்ந்து சிப்பி பொறுக்க வேண்டியதுதான்.

அன்றே கைட்டைச் சுருட்டி எடுத்துப்போய்ப் பள்ளி ஆய்வகத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கூடத்தில் அது கிடந்தது. பக்கத்தில் மச்சினன் ஸ்டீபன்ராஜ் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"மறந்து ஸ்கூல்ல விட்டுட்டீகளாமே மச்சான். அக்கா சொல்லுச்சு. நான் போயி ஹெச்செம் கிட்டச் சாவி வாங்கித் தூக்கிட்டு வந்துட்டேன்."

"உன்னைய யாருலே தூக்கிட்டு வரச் சொன்னா?"

"இதுல என்ன மச்சான் இருக்கு. நமக்குள்ள நன்றியெல்லாம் எதுக்கு."

தொண்ணூற்றைந்து கிலோ எடையுள்ள ஒருவனை அடிப்பது எப்படி என்று அருள்நாதன் யோசித்தார். வழி தெரியவில்லை.

வேறு யாராவது கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் தானே போய்விடுவது நல்லது என்று கான்வென்ட்டுக்குக் கிளம்பினார். தையல் வகுப்பில் சிஸ்டர் ரூபி மட்டும் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. வருடா வருடம் ஆண்டு தியானத்துக்குப் போய்விட்டு மூக்குத் தோல் உரிந்து வருவார். 'தியானத்துல வெயில்லயா உக்கார வைக்கிறாங்க?' என்று கிளாராகூட ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

சிஸ்டர் துணியை மேசைமேல் விரித்தார். வெகுநேரம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"தைக்க வேணாம் சிஸ்டர். பேப்பர்ல படம் வெட்டி மேலோட்டமா ஒட்டிவிட்டாப் போதும்" என்றார் அருள்நாதன் கெஞ்சாத குறையாக.

"ஒட்டுனா உப்புத் தண்ணிக்கு நிக்காது சார்."

"கொடி எதுக்குத் தண்ணிக்குள்ள போகுது?"

"தீவுல ஏத்துறதுன்னு சொன்னாங்க. சாரல் அடிக்காதா?" சிஸ்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இந்தத் தடிச்ச ஓரத்துப் பக்கம் என் ஊசி போகாது. நீங்க நிம்மதியாப் போங்க."

நிம்மதியா! நாலு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை வட்டத்தின் பரப்பளவைத் தப்பாகச் சொன்னதற்கு அரை மணி நேரம் கத்தினார். அந்தப் பிள்ளை அழவில்லை, அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தது.

கொடி தயாரானதும் அடுத்த வம்பு வந்தது. மந்திரிக்காத கொடியைக் கொண்டுபோகக் கூடாதாம். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தை மந்திரித்து, நம்ம கோயில் கொடிமரத்திலேயே ஒருமுறை ஏற்றி இறக்கி, பிறகு அனுப்புவது என்று கிளாரா ஏற்பாடு செய்துவிட்டாள். பேண்டு செட் சொல்லியாகிவிட்டது. நிலக்கோட்டையிலிருந்து மல்லிகைச் சரம் வந்தாகிவிட்டது. மதியம் பிரியாணி என்றதும் பக்கத்துப் பங்கிலிருந்தும் பக்தி பெருகியது.

பங்குத்தந்தைக்கு மட்டும் ஒரு சந்தேகம். "எந்தத் தீவு சார் அது? அங்க கோயில் இருக்கிறதா நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

அருள்நாதன் பேண்டு செட்டுக்காரர்கள் வந்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"அங்க மணல்லயே முழந்தாள் போட்டு ஜெபிக்கலாம்னு கேள்விப்பட்டிருக்கேன் ஃபாதர்" என்றார் பின்னாலிருந்து சிஸ்டர் ரூபி. "அம்புட்டு அமைதியாம்."

பங்குத்தந்தை தலையாட்டினார். தான் சொன்ன பொய்யை ஒரு கன்னியாஸ்திரி இவ்வளவு எளிதில் நம்பிவிட்டாரே என்று அருள்நாதனுக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஊரில் கேள்வி கேட்க ஒரு ஆள் கிடையாதா?

கைட் அப்போது கொடிமரத்தடிக்கு வந்தது. முன் ஓரம் கிண்ணென்று விறைத்து, முழுசாகக் காற்றடைத்து, பறக்கத் தயாராக நின்றது.

"துவண்டு துவண்டு விழுந்துச்சு மச்சான்" என்றான் ஸ்டீபன்ராஜ் பெருமையாக. "பாத்தா ஓரத்துல காத்தடிக்கிற வாய் இருக்கு. பஞ்சர் கடைக்குக் கொண்டுபோயி அடிச்சுட்டு வந்துட்டேன். கொடின்னா நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கணும்ல?"

"ஏலே, அதை இறக்கு! கயித்தை அவுருலே!"

பேண்டு செட் முழங்க ஆரம்பித்ததில் அது யார் காதிலும் விழவில்லை. ஸ்டீபன்ராஜ் கொடிக்கயிற்றை கைட்டின் முன்பக்கத்து நூல்களில் இறுக்கிக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். கொடி ஏறும்போது கயிறு கையைவிட்டு நழுவினால் ஊருக்கு ஆகாது என்பது அங்கே எல்லோரும் நம்புகிற விஷயம்.

பழனிப் பக்கமிருந்து ஆடிக்காற்று ஒரு வீச்சு வீசியது.

கொடி ஏறியது. கொடிமரத்தைத் தாண்டியும் ஏறியது. கூடவே ஸ்டீபன்ராஜும் ஏறினான்.

தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், கால் இரண்டும் சைக்கிள் மிதிக்க, "மாதாவே! மாதாவே!" என்று அலறிக்கொண்டு அவன் கோயில் மைதானத்தைக் குறுக்காகக் கடந்தான். பேண்டு மாஸ்டர் படுத்துவிட்டார். பந்தலின் ஒரு கால் பிடுங்கிக்கொண்டு போனது. பிரியாணி அண்டாவை அவன் ஒரு சாண் வித்தியாசத்தில் தாண்டியபோது கூட்டத்தில் பாதிப்பேர் சிலுவை போட்டார்கள்.

"கயித்தை விடுலே, முட்டாப்பயலே!" என்று அருள்நாதன் தொண்டை கிழியக் கத்தினார்.

"விட்றாத ஸ்டீபனு! கயிறு விழக்கூடாது!" என்று ஊரே கத்தியது.

ஸ்டீபன்ராஜ் ஊர்ச் சொல்லைத்தான் கேட்டான்.

"என் தம்பீ!" என்று கூவிக்கொண்டு சகாயசெல்வி பின்னாலேயே ஓடினாள். அவளையும் தாண்டி, அங்கியை முழங்காலுக்கு மேல் வரிந்துகொண்டு சிஸ்டர் ரூபி ஓடினார். காற்று போகும் பக்கமாக முன்னே போய் நின்று, கைட் தாழ்ந்த நொடியில் எம்பி அதன் ஒரு முனையைப் பிடித்தார்.

"ஓரத்தைப் பிடிங்க சார்! நடுவுல கை வைக்காதீங்க, தூக்கிரும்!"

அருள்நாதன் பாய்ந்து அதே ஓரத்தைப் பிடித்தார். கைட் தளர்ந்து தரையில் படுத்தது. ஸ்டீபன்ராஜ் கல்லறைத் தோட்டத்து வேலியில் தொங்கினான். இடுப்பில் கயிறு அப்படியே இருந்தது.

ஓடிவந்து நின்ற சகாயசெல்வி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"என்னங்க, நான் ஓடிவந்தேன்ல? முட்டி வலிக்கல. வலிக்கவே இல்லைங்க!"

அவ்வளவுதான். "புதுமை! மாதா செஞ்ச அற்புதம்!" என்று கிளாரா கத்திய கத்தலில் கோயில் புறாக்கள் கலைந்தன. கொடியைத் தொட்டுக் கும்பிட நாலாப் பக்கமிருந்தும் ஆட்கள் பாய்ந்தார்கள். யாரோ மெழுகுவத்தியோடு வந்தார்கள்.

"நெருப்பைக் கிட்டக் கொண்டாராதீங்க! தள்ளுங்க! தொடாதீங்க!" என்று அருள்நாதன் கையை விரித்துக் காவல் நின்றார்.

"பாரேன், சாருக்கு எம்புட்டுப் பக்தி" என்றாள் ஒருத்தி.

"ஃபாதர், இந்தக் கொடி இனி எங்கயும் போகக்கூடாது. இங்கயே கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்" என்றாள் கிளாரா.

"அது என்னோடது!" அருள்நாதனின் காது, கழுத்து, முகம் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. "என் சொந்தக் காசுல வாங்குனது!"

பங்குத்தந்தை அவர் தோளில் கைவைத்தார். "நேர்ந்துக்கிட்ட பிறகு அது உங்களோடது இல்ல சார். மாதாவோடது."

அருள்நாதன் விரித்திருந்த கையை இறக்கினார்.

"ஆனா நேர்ந்தது தீவுக்குத்தானே ஃபாதர்?" என்று சிஸ்டர் ரூபி மெதுவாகக் கேட்டார். "எங்க ஏத்துறேன்னு சொன்னாரோ அங்க ஏத்தணும்ல?"

பங்குத்தந்தை யோசித்தார். "அதுவும் சரிதான். கொடி தீவுக்குப் போகட்டும். ஆனா இம்புட்டு விசேஷமான கொடியைச் சார் கையில மட்டும் குடுத்துவிட முடியாது. கோபக்காரர். வழியில யாரோடயாச்சும் மல்லுக்கட்டிக்கிட்டு இதை பஸ்ஸுலயே விட்டுருவார். சிஸ்டர் ஒருத்தரும் கூடப் போகட்டும். ரூபி சிஸ்டர், நீங்களே போயிட்டு வாங்களேன்."

"கான்வென்ட்டு மதரைக் கேக்கணும் ஃபாதர்" என்று சிஸ்டர் தரையைப் பார்த்தார்.

"மதர்கிட்ட நான் பேசுறேன்."

மறுநாள் மதியம் ஆசிரியர் அறையில் நிஹால் போனில் வந்தான். "சாரே, இன்னிக்கு ஆறு மணி வரைக்கும்தான் பார்ப்பேன். ஆறாவது ஆள் சொல்லலைன்னா எல்லாம் கேன்சல்."

அருள்நாதன் கணக்குப் போட்டார். அந்த ஆறாவது ஆள் வந்தால் படகில் சிஸ்டருக்கு இடமில்லை. சிஸ்டர் இல்லாமல் கொடி ஊரைவிட்டு நகராது. ஆறாவது ஆள் வராவிட்டால் படகே நகராது. சரி, எப்படியோ இடம் கிடைத்து சிஸ்டரும் வந்துவிட்டால்? இல்லாத கோயிலைத் தேடும் ஒரு கன்னியாஸ்திரியைக் கரையில் நிறுத்திவிட்டு, அரைக்கால் சட்டையோடு, மாதா படம் தைத்த காற்றாடியை இடுப்பில் மாட்டிக்கொண்டு கடலில் இறங்குவதா? எந்தப் பக்கம் திருப்பினாலும் விடை பூஜ்ஜியமாகத்தான் வந்தது.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு ஆசை. அதையும் ஊர் கூடிக் கும்பிட்டே கொன்றுவிட்டது. இனி எதை மறைத்து என்ன? உண்மையைச் சொல்லிவிட்டுக் கைட்டையாவது வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நாலு மணிக்குக் கான்வென்ட்டுக்கு வண்டியை விரட்டினார்.

தையல் அறையில் சிஸ்டர் கைட்டை மடித்துக்கொண்டிருந்தார். காற்றை முழுசாக இறக்கிவிட்டு, இரண்டு முனைகளையும் நடுவுக்கு மடித்து, ஓரம் மடங்காமல் சுருட்டினார். ராமநாதபுரத்தில் அந்த மடிப்பு கைக்கு வர அருள்நாதனுக்கு ஒரு வாரம் பிடித்தது. இருந்த ஆத்திரத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

"சிஸ்டர், அது கொடியே இல்ல!" என்றார் வாசலிலிருந்தே. "காத்தாடி! கடல்ல விளையாடுறது! அந்தத் தீவுல கோயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சொன்னது அம்புட்டும் பொய். என் பொண்டாட்டிகிட்டப் பொய், ஃபாதர்கிட்டப் பொய். எனக்காக ஒரு ஆறு நாள் வேணும்னு ஆசைப்பட்டேன், அது ஒரு குத்தமா? நீங்க வாரதுக்குப் படகுல எடமும் இல்ல. ஆறே பேருதான். போயி எல்லார்கிட்டயும் சொல்லுங்க. மைக் போட்டுச் சொல்லுங்க!"

மூச்சு வாங்கியது. சிஸ்டர் ரூபி அவர் காதை ஒரு பார்வை பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, சுருட்டிய கைட்டை அவர் கையில் வைத்தார்.

"நிஹால் தம்பிக்குப் போன் போடுங்க சார். மதர் இன்னிக்குக் காலையில சரின்னுட்டாங்க, ஆறாவது ஆளு வருதுன்னு சொல்லிருங்க."